பட்டாளத்து லோரிக்குத் தம் இருக்கிறதா?

தோட்டத்துத் தோழர்களே! சம்பளம், வீடு, சேமநிதி என்று எழுதவேண்டிய இடத்தில் எஞ்சினைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று நினைக்க வேண்டாம். சேமநிதிக்கும் எஞ்சினுக்கும் உறவு உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறுகிற நம் ஆட்களில் நாலைந்து பேர் ஒன்றுகூடி, கைக்கு வந்த பணத்தைச் சேர்த்துப் போட்டு, ஒரு பழைய லோரி வாங்கிச் செம்பனைக் குலை ஏற்றிப் பிழைக்கலாம் என்று இறங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முப்பது வருடம் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த காசு, ஒரு பிற்பகலில், ஒரு பழைய இரும்புக் கொட்டகையில், "எஞ்சின் மாசே பாகுஸ், போஸ்!" என்ற ஒரே சொல்லை நம்பிக் கைமாறுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். வயிறு எரிகிறது.

அதிலும் பட்டாளத்து லோரி என்றால் நம்மவர்களுக்கு ஒரு தனி மயக்கம். பச்சைச் சாயம், உயர்ந்த சக்கரம், முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பலம். செம்மண் பாதையில் மழை பெய்தால் சாதாரண லோரி வழுக்கி நிற்கும் இடத்தில் இது உறுமிக்கொண்டு ஏறிவிடும். இந்த மயக்கம் நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஜி.எம்.சி. இரண்டரை டன் லோரியை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். ஆங்கிலேயர்கள் 1941 முதல் 1945 வரை பெட்போர்ட் கியூ.எல். என்னும் மூன்று டன் லோரியை ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில், முள்வேலிக்குப் பின்னால் நம் பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த நாளில், தோட்டத்துப் பாதையில் புழுதி கிளப்பிப் போனவை இந்தச் சாதி வண்டிகளே. 1950களில் பெட்போர்ட் ஆர்.எல். வந்தது. 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின்.

பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகள் காட்டுக்குப் போயின. பாலாக் மரம் இழுத்த அந்த மொட்டை லோரிகளைச் 'சந்தாய் வோங்' என்பார்கள். சீன மொழியில் மலைக்கு ராஜா என்று பொருள். கதவு இருக்காது, மேல் கூரை இருக்காது, சில வண்டிகளில் மட்கார்டு கூட இருக்காது. இருந்தாலும் ராஜா ராஜாதான். பேராக், பகாங் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வண்டிக்குச் சேஸ் இரும்பாக இருக்கலாம், கியர் பெட்டி மலையாக இருக்கலாம். தம் இல்லாத எஞ்சின் மேட்டில் நின்றுவிடும். அந்தத் தம்முக்குத்தான் பட்டறைக்காரர் பாஷையில் கம்பிரஷன் என்று பேர்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் காற்று உள்ளே இறுகி, கையைத் திருப்பித் தள்ளுகிறது அல்லவா? அதுதான் கம்பிரஷன். பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்துபோனால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று பக்கவாட்டில் புஸ் என்று போய்விடும். எஞ்சினில் தோல் வாஷருக்குப் பதில் பிஸ்டன் ரிங். விரலால் அடைப்பதற்குப் பதில் வால்வு. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை பிஸ்டன் இறுக்கிப் பிடித்தால்தான், பிளக்கில் பொறி விழும்போது அது ஓங்கி வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும். இறுக்கம் குறைந்தால் வெடிப்பும் குறையும். பெட்ரோல் மட்டும் குறையாமல் குடிக்கும்.

இந்த இறுக்கம் வெளியே போக வழிகள் மூன்று. ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து கீழே போகலாம். வால்வு சரியாக உட்காராமல் மேலே போகலாம். சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேஸ்கட் எரிந்து பக்கத்துச் சிலிண்டருக்கோ தண்ணீருக்கோ போகலாம். எந்த வழி என்று கண்டுபிடிப்பதில்தான் காசு இருக்கிறது. ஒன்று அரை நாள் வேலை, இன்னொன்று எஞ்சினையே இறக்கி வைக்கும் வேலை.

கேஜ் என்னும் கருவி இல்லாத காலத்தில் தோட்டத்து டிரைவர்கள் கைப்பிடியால் பார்த்தார்கள். பழைய பட்டாளத்து லோரிகளுக்கு முன்பக்கம் ஹேண்டில் போடும் துளை உண்டு. சுவிட்சை அடைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று தடவை கை கனக்கும். இரண்டு சுற்றில் ஆறு. ஒவ்வொரு கனமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் கை வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டரில் தம் இல்லை. இதற்குச் செலவு ஒரு காசும் கிடையாது. ஒரே ஓர் எச்சரிக்கை: கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கிப் பிடிக்காதீர்கள். மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மடக்கிப் பிடித்தவர் கை முறியும். பழைய டிரைவர்களில் மணிக்கட்டு கோணிப்போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை சொல்வார்கள்.

கை சொல்வது ஒரு அளவுக்குத்தான். விலை பேசுமுன் கேஜ் வைத்துப் பார்ப்பதே முறை. கடிகாரம் போல முகமும், அடியில் பிளக் துளையில் திருகும் மரையும் உள்ள சின்னக் கருவி. பெரும்பாலும் 14 மில்லி மரை போதும்; ஆனாலும் பிளக்கைக் கழற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் சாமான் கடைகளில் கிடைக்கும். ஐந்து குடும்பம் போடும் பணத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு விலையே அல்ல.

சோதிக்கும் முறையில் அவசரம் கூடாது. முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாகும் வரை ஓட விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் ரிங்கும் பிஸ்டனும் விரியாமல் இருப்பதால் காட்டும் எண் நம்பத் தகுந்ததல்ல. பிறகு நிறுத்தி, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதித் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் மண் நேரே சிலிண்டருக்குள் விழும். சோதிக்கப் போய்க் கெடுத்த கதையாகும். பட்டாளத்து வண்டிகள் பலவற்றில் வயர்லெஸ்ஸுக்கு இரைச்சல் வராதிருக்க பிளக்குக்கும் வயருக்கும் உலோக உறை போட்டிருப்பார்கள். அவற்றைப் பிடித்து இழுக்காமல் மரையைத் தளர்த்திக் கழற்றுங்கள். எந்த வயர் எந்தச் சிலிண்டர் என்று துண்டுக் காகிதம் ஒட்டி நம்பர் போடுங்கள். ஜி.எம்.சி., பெட்போர்ட் இரண்டிலும் பொறி விழும் வரிசை 1-5-3-6-2-4. வயரை மாற்றிப் போட்டுவிட்டு "எஞ்சின் கெட்டுப்போச்சு" என்று கூச்சல் போடுகிறவர்களும் உண்டு.

ஆறு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்தால் மற்ற ஐந்தின் பாரத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், கணக்குத் தவறும். கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்கி வையுங்கள். அவை பேசும். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்து வறண்டிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய் நனைந்து பளபளத்தால் அந்தச் சிலிண்டரில் எண்ணெய் மேலே ஏறுகிறது.

அடுத்து, காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிப் பொறியை நிறுத்துங்கள். பிளக் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியே வரும் நேரம் அது. பொறி பட்டால் தீ. ரோக்கோவும் அப்படித்தான், சற்றுத் தள்ளி நின்று புகையுங்கள். பிறகு ஒருவர் வண்டியில் ஏறி எண்ணெய் மிதியை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, தரை மட்டும் மிதித்துப் பிடிக்க வேண்டும். சோக் முழுதும் திறந்திருக்க வேண்டும். இதை மறந்தால் எஞ்சினுக்கு மூச்சு இழுக்க வழியில்லாமல், நல்ல எஞ்சினும் நோயாளி போலக் காட்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். பேட்டரி எத்தனை வோல்ட் என்றும் பாருங்கள். அமெரிக்க ஜி.எம்.சி. பிறவியிலேயே 6 வோல்ட்.

கேஜைத் திருகி, ஸ்டார்ட்டரைக் கொடுத்து, முள் ஐந்தாறு முறை குதிக்கும் வரை சுற்றுங்கள். முதல் குதிப்பில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று இரண்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கைக் குதிப்பு. ஒன்றுக்கு நாலு, இன்னொன்றுக்குப் பத்து என்றால் ஒப்பிட முடியாது.

இந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. தரக்குறைவான பெட்ரோலிலும் ஓடுவதற்காக அப்படிச் செய்தார்கள். ஆகவே இன்றைய காரில் வரும் எண்ணை எதிர்பார்க்காதீர்கள். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கும் 120 பவுண்டுக்கும் இடையில் வந்தால் பொதுவாக ஆரோக்கியம். சரியான எண் அந்தந்த வண்டியின் கைநூலில் இருக்கும். ஆனால் எண் எவ்வளவு என்பதைவிட, ஆறும் ஒத்திருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. ஆறும் 95 காட்டுகிற எஞ்சின், ஐந்து 115-ம் ஒன்று 65-ம் காட்டுகிற எஞ்சினைவிட மேல். ஆறு மாடு ஒரே அளவு இழுத்தால் வண்டி போகும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றவை அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். மிகக் குறைந்த எண், மிக உயர்ந்த எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரைத் திறந்து பார்க்காமல் விடக்கூடாது என்பது பட்டறை வழக்கம்.

இனி நாம் கூடப் போன ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். பேராக்கில் ஓர் ஊர். தோட்டத்தை விட்டு வந்த ஐந்து குடும்பம். வண்டி பெட்போர்ட். இரும்புக் கொட்டகை வியாபாரி நல்ல வாய்ச் சாலக்குள்ளவர். "நீங்களே செக் பண்ணிப் பாருங்க, கேஜ் நானே தர்றேன்" என்று முந்திக்கொண்டார். அவர் ஆளே கேஜ் வைத்தான். வந்த எண்கள்: 118, 116, 120, 117, 119, 84. "கடைசி ஒன்னுதான் கொஞ்சம் கொறச்சல். டாப்பெட் டைட்டா இருக்கு. திருப்புளி வச்சு ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிடலாம்" என்றார் வியாபாரி. நம் ஆட்கள் முகத்தில் சிரிப்பு. பணம் எண்ணப் பைக்குள் கை போய்விட்டது.

நம்மோடு வந்திருந்தவர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் ஒன்றும் பேசாமல் பலகையில் கிடந்த பிளக்குகளைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்தார். ஆறும் எண்ணெயில் நனைந்திருந்தன. "தம்பி, ஒரு சிலிண்டர் எண்ணெ குடிச்சா அது நோவு. ஆறும் ஒரே மாதிரி குளிச்சிருந்தா அது யாரோ ஊத்துனது" என்று நம் காதோடு சொன்னார்.

விஷயம் இதுதான். சிலிண்டருக்குள் கொஞ்சம் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் தேய்ந்த ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை அது அடைத்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு எண் உயர்ந்து நிற்கும். நோய் கண்டுபிடிக்கப் பயன்படும் அதே வைத்தியம், நோயை மறைக்கவும் பயன்படுகிறது. நாம் போவதற்கு முன்பே எஞ்சின் சூடாக இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாங்குகிறவர் கண்ணெதிரில் குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறப் புகை விடுகிறது என்று பார்ப்பது முக்கியம். அதைப் பார்க்க விடாமல் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிளக்குகளைத் துடைத்து மாட்டி, வண்டியைக் கிளப்பி, கொட்டகைக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏற்றி இறக்கி அரை மணி நேரம் ஓட்டச் சொன்னார் பெரியவர். நீலப் புகை பறந்தது. வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை அல்ல, பல தடவை. எண்ணெய் எரிந்து முடிந்த பிறகு மீண்டும் கேஜ். இப்போது: 104, 101, 105, 66, 102, 82.

ஐந்து பேரில் ஒருவரின் மனைவி கேட்டார்: "அண்ணே, ஆறுல ஒன்னுதானே போயிருக்கு. அஞ்சு ஓடுதில்ல? வாங்கிட்டு மெதுவா செஞ்சிக்கலாமே?" நியாயமான கேள்வி. அந்தக் குடும்பத்தின் பணம்தான் அதில் அதிகம். பெரியவர் அவருக்குக் கோபப்படாமல் பதில் சொன்னார்: "அந்த ஒன்னு சும்மா இருந்தா பரவாயில்ல தாயி. வெடிக்கிற புகை ரிங்கைத் தாண்டி கீழ போயி எண்ணெய்யைக் கெடுக்கும். கெட்ட எண்ணெ மத்த அஞ்சையும் தின்னும்."

நாலாம் நம்பருக்கு ஒரு மேசைக் கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் பார்த்தோம். 66 இருந்தது 98 ஆயிற்று. எண்ணெய் ஊற்றி எண் உயர்ந்தால் குற்றம் ரிங்கிலோ சுவரிலோ. அளவோடு ஊற்ற வேண்டும். அதிகமாக ஊற்றினால் இடமே சுருங்கிப்போய் எதை வைத்தாலும் உயர்த்திக் காட்டும். ஆறாம் நம்பருக்கும் அதே அளவு ஊற்றினோம். 82 இருந்தது 84, அவ்வளவே. எண்ணெய்க்கு மசியாவிட்டால் குற்றம் வால்வில். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெளிப்புகை வால்வின் டாப்பெட்டில் மெல்லிய தகடு கூட நுழையவில்லை. வால்வு முழுதும் மூடாமல் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது. பீலர் கேஜ் வைத்துக் கைநூல் சொல்லும் இடைவெளி கொடுத்ததும் 82 இருந்தது 100க்கு வந்தது.

ஆக, வியாபாரி ஆறாம் நம்பரைப் பற்றிச் சொன்னது உண்மை. அந்தச் சின்ன உண்மையை முன்னால் நீட்டி, நாலாம் நம்பரைப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். முழுப் பொய் சொல்கிறவனைவிட இந்த வகை ஆளிடம் நம் மக்கள் சீக்கிரம் ஏமாறுகிறார்கள்.

டாப்பெட் ஏன் இறுகுகிறது என்று சிலர் கேட்பார்கள். பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை போல உதவியது. இப்போது அந்தப் பெட்ரோல் கிடைப்பதில்லை. வால்வு உட்காரும் இடத்தில் கெட்டி இரும்பு வளையம் போடாத எஞ்சின்களில், பாரம் ஏற்றி நெடுநேரம் ஓட்டினால் வெளிப்புகை வால்வு தன் இருக்கையையே தின்று மேலே ஏறும். ஏறினால் இடைவெளி அடையும். அடைந்தால் வால்வு மூடாது, மூடாத வால்வு கருகும். ஆகவே பழைய பெட்ரோல் லோரி வைத்திருப்பவர்கள் டாப்பெட்டை அடிக்கடி பாருங்கள். கெட்டி இருக்கை போட்டாயிற்றா என்று ஹெட் வேலை செய்தவரைக் கேளுங்கள்.

நாலாம் நம்பருக்கு ஹெட்டைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் தருவதில்லை என்று ஐந்து குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். பேச்சு சுலபமாக நடக்கவில்லை. இரண்டு பேர் "போனாப் போவுது, வாங்கிருவோம்" என்றார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார். வியாபாரி "வேற ஆள் இருக்கு" என்று சொல்லி வாசலைக் காட்டினார். மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். ஹெட்டைத் தூக்கியபோது நாலாம் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற அளவுக்கு நெடுக ஒரு கீறல், பிஸ்டனில் ஒரு ரிங் இரண்டு துண்டு. அந்த வேலைக்கு ஆகும் கூலியும் சாமானும் விலையில் கழிக்கப்பட்ட பிறகுதான் பணம் கைமாறியது. கிராண்டில் இருந்த எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் கொத்தியிருந்த நம்பரோடு ஒத்திருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தபின் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் கடைசி வேலையை மறந்து, வாங்கிய வண்டியைப் பெயர் மாற்ற முடியாமல் திண்டாடுகிறவர்கள் தனிக் கூட்டம்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் இடையில் எரிந்து வழி விட்டிருக்கும். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, எண்ணெய்க் குச்சியில் பாலாடை நிறம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஆறும் ஒரேயடியாகத் தாழ்ந்திருந்தால் பதற வேண்டாம். மிதியை முழுதும் மிதித்தீர்களா, பேட்டரி சோர்ந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அதன்பிறகும் தாழ்ந்தே இருந்தால் எஞ்சின் கிழடு தட்டிவிட்டது. எண் வழக்கத்துக்கு மேல் உயர்ந்திருந்தாலும் மகிழாதீர்கள். உள்ளே கரி படிந்து இடம் சுருங்கியிருக்கும்.

டயர் கடையில் காற்றடிக்கும் யந்திரம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சந்தேகப்படும் சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். கார்பரேட்டரில் சீறினால் உள்வால்வு. புகைக் குழாயில் சீறினால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். முன்னால் நின்று யாரும் ஹேண்டிலைத் தொடக்கூடாது; காற்றின் பலத்தில் எஞ்சின் சட்டென்று சுழலக்கூடும்.

கேமரன் மலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் காய்கறி சுமக்கின்றன. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 4,700 அடி. அங்கே காற்றே மெலிந்தது. கேஜில் வரும் எண் ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் குறையும். கிள்ளானில் 110 காட்டும் எஞ்சின் அங்கே 95க்குப் பக்கத்தில்தான் காட்டும். அது நோயல்ல. அதே சமயம், கீழே ஈப்போவில் நின்று 95 காட்டும் வண்டியை "மலை வண்டி, அப்படித்தான்" என்று எவராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

டீசல் எஞ்சின் மாற்றிப் போட்ட பட்டாளத்து லோரிகள் ஏராளம். டீசலுக்கு மேற்சொன்ன கேஜ் ஆகாது. அங்கே பொறியே கிடையாது. காற்றை இறுக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். அதனால் இறுக்கம் மூன்று நான்கு மடங்கு. பெட்ரோல் கேஜை மாட்டினால் முள் உடையும், ஆளுக்கும் ஆபத்து. டீசலுக்கு உரிய கேஜோடு பட்டறைக்காரரை அழையுங்கள். எண்ணெய் ஊற்றிப் பார்க்கும் வைத்தியமும் டீசலுக்கு வேண்டாம். ஊற்றிய எண்ணெயே பற்றிக்கொண்டு வெடிக்கக்கூடும்.

லோரிக்குப் பின்னால் நம் ஆட்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜி.எம்.சி.யிலும் பெட்போர்ட் கியூ.எல்.லிலும் பிரேக்குக்குக் கைகொடுப்பது எஞ்சின் உறிஞ்சுகிற வெற்றிடம். ரிங்கும் வால்வும் தேய்ந்த எஞ்சினில் அந்த உறிஞ்சலும் குறைவு. மேட்டில் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் சேர்த்து வைத்திருக்கும் வெற்றிடம் இரண்டொரு மிதிக்கு வரும். அதன் பிறகு பிரேக் கல்லாகிவிடும், காலால் எவ்வளவு ஏறி மிதித்தாலும் பாரம் ஏற்றிய வண்டி பின்னால் உருளும். பின்னால் உருளும் லோரியில் முதலில் குதிப்பவர்கள் இளவட்டங்கள், குதிக்க முடியாதவர்கள் பெண்களும் குழந்தைகளும். குலை ஏற்றும் வண்டியில் குலையை மட்டும் ஏற்றுங்கள்.

பேராக் பெட்போர்ட் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்தான் இன்று அதன் டிரைவர். நாலாம் நம்பருக்குப் புது ரிங் போட்டுச் சுவரையும் சரி செய்த மறுநாள் எடுத்த எண்களைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அவர் மனைவி எழுதி வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேஜ் வைத்து அதற்குக் கீழே தேதி போட்டு எழுதுகிறார்கள். கடைசியாக நாம் பார்த்தபோது இருந்தவை: 103, 101, 104, 107, 100, 99. இரண்டாம் நம்பர் பிளக்கில் மட்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை தெரிவதாகப் பெரியவர் சொன்னார். அடுத்த முறை அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.